நின்ற நேரம்: பூச்சியம்

நாலு பேர் சொன்ன சொல் கேட்டுப் போய்விட்டார்கள். ஐந்தாவது ஆள்தான் அசையமாட்டேன் என்று குந்திக்கொண்டிருந்தது.

"ஸப்வான், எத்தினை வீதம்?"

"எண்பது அண்ணன். அரை மணித்தியாலமா அதே எண்பதுதான்," என்றான் உதவியாள்.

எஞ்சினியர் பிரகலாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பது ஐம்பது. குளிரூட்டி பதினெட்டில் ஓடியும் கழுத்து வியர்த்தது.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய அந்தச் சரக்குக் கொம்பனியின் சேர்வர் அறையில் மூன்று பெரிய சேர்வர்கள். வெருகல், மூதூர், நிலாவெளி என்று ஊர்ப்பெயர் வைத்திருந்தார்கள். மூன்றும் ஒரே கூட்டாக வேலை செய்தன. அவற்றுக்குள் பதினொரு மெய்நிகர் கணினிகள் குடியிருந்தன. கையால் தொட முடியாத, மென்பொருளாலேயே ஆன கணினிகள். லொறிகள் வாசலைக் கடக்கக் கேற் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு அடிப்பது ஒன்று, சம்பளம் போடுவது ஒன்று, அறையின் நிலவரத்தைக் கொழும்புக்கு அனுப்புவது ஒன்று, இப்படி.

வெருகலுக்கு வயது எட்டு. அதைக் கழற்றிவிட்டு, பெட்டிக்குள் காத்திருந்த 'கிண்ணியா'வை ஏற்ற வேண்டும். மின் இணைப்பு மூன்றுக்குத்தான் உண்டு, ஆகவே பழசு போனால்தான் புதுசு வரலாம். அதற்கு முதல், வெருகலில் இருக்கும் ஐந்து குடிகளையும் வேலை நிற்காமல் மற்ற இரண்டுக்கும் அனுப்பிவிட வேண்டும்.

வேலை நிற்காமல் என்பதில்தான் பிரகலாதனின் உயிர் இருந்தது. போன வாரம் கொழும்புத் தலைமை அலுவலகம் எழுதியிருந்தது: 'சேவை நிற்காமல் இம்மாற்றம் நடைபெறுகிறதா என்பதைப் பொறுத்தே திருகோணமலை சேர்வர் அறையின் எதிர்காலம் தீர்மானிக்கப்படும்.' கடிதத்தை நாலு தரம் படித்தான். ஒரு நிமிடம் நின்றாலும் அறைக்குப் பூட்டு, அவனுக்குக் கொழும்பு என்று விளங்கிக்கொண்டான். அங்கே வெள்ளவத்தையில் ஆறு வருடம் அறை எடுத்துப் பார்சல் சோறு தின்ற வயிறு அவனுடையது. இப்போது இங்கே உவர்மலையில் பாதிக் கூரை போட்ட வீடு. "கொழும்பெண்டால் நீங்கள் தனியத்தான் போகோணும்" என்று மனைவி சொல்லி இரண்டு நாள்.

நேரமும் அவன் கையில் இல்லை. அது முகாமையாளர் டொமினிக்கின் கையில் இருந்தது.

"வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம், தம்பி. அதுக்கு முன்னம் புதுசு ஓடோணும். பிறகு பன்னிரண்டு வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கப்படாது."

"சேர், நீங்கள் கத்தோலிக்கம் எல்லோ?"

"அது ராகுவுக்குத் தெரியுமோ?"

பன்னிரண்டுக்கு ஸப்வான் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவான். ஒரு மணிக்குக் கப்பல் வரும். ஆகப் பத்தரைக்குள் முடித்தால்தான் உண்டு.

"போகமாட்டன் எண்டு நிக்கிறது எது, ஸப்வான்?"

"கேற் பாஸ், அண்ணன்."

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போனது. கேற் பாஸ் கணினி, வெருகலின் இறுவட்டுத் தட்டில் கிடந்த ஏதோ ஒரு சீடியைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றது. ஸப்வான் தட்டை வெளியே இழுத்தான். சீடியின் மேல் பேனையால் எழுதியிருந்தது: 'மெலனி – கலியாண வீடியோ'.

நிர்வாகப் பகுதி மெலனி ஓடி வந்தாள். "என்ர மாதாவே! கொப்பி அடிச்சுத் தாங்கோ எண்டு பழைய எஞ்சினியரிட்டக் குடுத்தது. இதைத் தேடி அஞ்சு வருசமா மாமியோட கதைபேச்சு இல்லை! அண்ணை, ஓடுதோ எண்டு ஒருக்காப் போட்டுப் பாருங்கோவன்?"

"பிள்ளை, போங்கோ!"

சீடி போனதும் ஐந்தாவது குடியும் கிளம்பியது. எண்பது நூறானது. வெருகலை அணைத்து, கூட்டிலிருந்து நீக்கி, இரண்டு பேருமாக இறக்கி வைத்தார்கள். கிண்ணியா ஏறியது, விளக்குகள் பச்சையாக எரிந்தன. பிரகலாதன் அதைக் கூட்டில் சேர்த்துவிட்டு நிமிர்ந்தான். பத்து பன்னிரண்டு.

"முடிஞ்சுது. தேத்தண்ணி குடிப்பம்."

ரெலிபோன் அடித்தது. கேற்றில் பாஸ் அடிக்கும் றம்லா.

"சேர், பாஸ் வரல்ல. ஆறு லொறி நிக்கிது. சீமெந்துக்காரன் ஹோர்ன்ல கைய வெச்சவன் இன்னும் எடுக்கல்ல."

பிரகலாதன் திரையைப் பார்த்தான். கூட்டை ஆளும் மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. எந்த சேர்வர் காலியாக இருக்கிறதோ அங்கே தானாகவே ஆளை ஏற்றும். காலி பஸ்ஸைக் கண்ட கூட்டம்போல ஆறு கணினிகள் கிண்ணியாவுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தன. அதில் கேற் பாஸும் ஒன்று. உள்ளே எல்லாம் உயிரோடுதான் இருந்தன. வெளியே ஒருவரோடும் பேச முடியவில்லை.

"ஸப்வான், கிண்ணியாவுக்கு எந்த நெற்வேர்க் வயரைக் குத்தினீங்கள்?"

"நீலம்."

"இஞ்ச எல்லாமே நீலம்தானே!"

முதலில் கேற் பாஸை மூதூருக்குத் திருப்பி அனுப்பினான். றம்லா ஒரு பாஸ் அடித்தாள். மூன்றாம் நிமிடம் அது தானாகவே கிண்ணியாவுக்குத் திரும்பி வந்தது. வரும்போது சம்பளத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது.

"இது ஆர் அண்ணன் அனுப்புற?"

"நான் அனுப்பேல்லை! அதுவாத்தான் வருது!" பிரகலாதன் ரெலிபோனை எடுத்தான். "றம்லா, கொப்பியில எழுதி லொறியளை விடுங்கோ. ஆர் கேட்டாலும் வாயைத் திறக்காதேங்கோ."

சேர்வர் அலுமாரிக்குப் பின்னால் புகுந்து, தப்பான நீல வயர் இதுதான் என்று ஒன்றைப் பிடுங்கினான். அதைவிடத் தப்பான வயர் அது. மாடியில் டொமினிக்கின் ரெலிபோன் செத்தது. ஒரு நிமிடத்தில் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

"ஆரடா என்ர போனை வெட்டினது?" டொமினிக் மணிக்கூட்டைப் பார்த்தார். முகம் மாறியது. "பத்து முப்பத்தொண்டு! கையை எடு தம்பி. இனிப் பன்னிரண்டுக்குத்தான்."

"சேர், கேற் நிண்டு போச்சுது!"

"ராகுகாலத்தில தொட்டால் எல்லாம் நிண்டு போம்."

வயரும் கையுமாகக் குனிந்திருந்த பிரகலாதனுக்கு, நேரம் சரிசெய்யாத கிண்ணியாவின் திரை கண்ணில் பட்டது.

"சேர், உங்கட மணிக்கூடு பிழை. சேர்வர் நேரம் இன்னும் பத்து இருபத்தாறுதான்."

டொமினிக் எட்டிப் பார்த்தார். "கொம்பனிக்கு எந்த நேரம் கணக்கு?"

"சேர்வர் நேரம்தான். சம்பளமே அதிலதான் போடுறது."

"அப்ப கெதியாக் குத்தடா!"

சரியான வயரைத் தேடிக் குத்தினான். கேற் பாஸ் கண் விழித்தது. கைக்கடிகாரத்தில் பத்து முப்பத்துநாலு. இடையில் அடித்த ஒரு பாஸைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், கேற் செத்துக் கிடந்தது இருபத்திரண்டு நிமிடம்.

முடிந்தது கதை என்று அவன் கதிரையில் விழுந்தபோது கொழும்பிலிருந்து கிருஷாந்த் போன் எடுத்தான். தலைமை அலுவலகத்தில் இந்த வேலையைத் திரையில் கண்காணிக்க வைத்த ஆள்.

"பிரகலாதன், சுப்பர்! நான் கண் வெட்டாமல் பாத்துக்கொண்டிருந்தனான். முழுக்கப் பச்சை."

பிரகலாதன் விழித்தான். பிறகுதான் விளங்கியது. கொழும்புக்கு நிலவரம் அனுப்பும் கணினியும் கிண்ணியாவுக்குள்தான் ஊமையாகி இருந்திருக்கிறது. கிருஷாந்த் இருபத்திரண்டு நிமிடமும் பார்த்தது பழைய பச்சை.

"அப்ப ஒரு நிமிஷமும் நிக்கேல்லைத்தானே?" என்றான் கிருஷாந்த்.

"ஒரு... ஒரு செக்கனும் இல்லை."

"நல்லது. கேற்காரரின்ர கையெழுத்தும் மனேச்சரின்ர கையெழுத்தும் வச்சு அறிக்கை அனுப்புங்கோ. அதை வச்சுத்தான் மேலிடம் முடிவெடுக்கும்."

பிரகலாதன் கேற்றுக்கு ஓடினான். றம்லா கொப்பியை நீட்டினாள். பதினாலு லொறி.

"இதையெல்லாம் நான் இப்பவே அடிச்சு ஏத்துறன். நீங்க இதில ஒரு கையெழுத்துப் போட்டால் காணும். இடைஞ்சல் ஒண்டுமில்லை எண்டு."

"இருவத்திரெண்டு நிமிசம் எனக்கு அந்தச் சீமெந்துக்காரன் ஏசினானே, அது இடைஞ்சல் இல்லையா?"

"தங்கச்சி, என்ர வீடு, வாசல் எல்லாம் இதிலதான்."

றம்லா தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். "இந்தக் கேற் கூண்டுக்குள்ள ஒரு ஃபேன் கேட்டு ரெண்டு வருசம்."

அவன் தன் மேசை விசிறியைக் கொண்டுவந்து பூட்டினான். பதினாலு பாஸையும் பழைய நேரம் போட்டுத் தன் கையாலேயே ஏற்றினான். றம்லா கையெழுத்திட்டாள். டொமினிக் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்து, சரியாகப் பன்னிரண்டு ஒன்றுக்குக் கையெழுத்திட்டார். 'நின்ற நேரம்' என்ற கட்டத்தில் பிரகலாதன் வட்டமாக, அழகாக, ஒரு பூச்சியம் போட்டு அனுப்பினான்.

இரண்டு மணி. ஸப்வான் தொழுகை முடிந்து பிரியாணிப் பார்சலோடு வந்திருந்தான். டொமினிக்கும் கீழே இறங்கி வந்து கதிரையில் அமர்ந்திருந்தார். மெலனி ஒரு கடதாசியோடு உள்ளே வந்தாள்.

"கொழும்பில இருந்து பதில், அண்ணை. வாசிக்கட்டோ? 'திருகோணமலை சேர்வர் அறையின் ஊழியர்களுக்கு எமது மனமார்ந்த பாராட்டுகள். சேவை ஒரு நிமிடமேனும் நிற்கவில்லை என்பது உறுதியாகியுள்ளது.'"

"பாத்தியே ஸப்வான்!" பிரகலாதன் எழுந்தே விட்டான். "கூரையின்ர மிச்சத்துக்கு நாளைக்கே ஓடு சொல்லுறன்."

"பொறுங்கோ அண்ணை, மிச்சமும் இருக்கு," என்று மெலனி கடதாசியைத் திருப்பினாள். "நிண்டிருந்தால் இடம் மாத்திறது ஆபத்தெண்டு எல்லாத்தையும் இஞ்சயே விட்டிருப்பினமாம், நிக்கேல்லை எண்டபடியால், திங்கட்கிழமை முழு அறையையும் லொறியில ஏத்திக்கொண்டு உங்களையும் கொழும்புக்கு வரட்டாம்."