சம்பந்திக்கு: மாப்பிள்ளைக்கு லொறி பழக்கிய விபரம்

மேமலைத் தோட்டம்,
ஸ்பிரிங்வெளி வழி, பதுளை.
ஆவணி, செவ்வாய்க்கிழமை, 1978.

பண்டாரவளைக் குளிரிலும் சளி இருமல் அண்டாமல் வாழ்ந்துவரும் சம்பந்தி சிவஞானம் அவர்களுக்கும், சம்பந்தியம்மா இராக்கம்மா அவர்களுக்கும், மேமலைத் தோட்டத்தில் லொறிக் கிளீனராக இருந்து ஓய்வெடுத்த தம்பையா வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நானும், என் மகள் பாக்கியலெட்சுமியும், உங்கள் மகன் இராமையாவும், பேரப்பிள்ளைகளும் சுகம். ஆட்டுக்குட்டி மட்டும் கொஞ்சம் இருமுகிறது. எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பாக்கியம் எழுதுகிறாள். கோபமான இடங்கள் என்னுடையவை. பிழையான இடங்கள் அவளுடையவை.

உங்கள் கடிதம் கிடைத்தது. மகன் டிரைவர் டெஸ்டில் பெயிலாகிப் பதுளைக் கடைத்தெருவே சிரித்ததாகவும், லொறி பழக்குகிறேன் என்று நான் அவரைக் கெடுத்தது போதும் என்றும், ஞாயிற்றுக்கிழமை நீங்களே வந்து குடும்பத்தோடு கூட்டிப்போய் உங்கள் ஊர் ஜௌபர் முதலாளியின் மரக்கறிக் கடையில் மூட்டை தூக்கச் சேர்க்கப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சம்பந்தி, எனக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் ஞாபகம் இருக்கிறது. கலியாணப் பந்தலில் நீங்கள் பச்சைக்கரை வேட்டி கட்டிக்கொண்டு, இரண்டாம் தரம் பாயாசத்துக்குக் கிண்ணத்தை நீட்டியபடி, "இனிமே அவன் ஒங்க புள்ளதாங்க சம்பந்தி" என்று சொன்னீர்கள். கொடுத்த பிள்ளையை இத்தனை வருசம் கழித்துத் திருப்பிக் கேட்பது எந்த ஊர் வழக்கம்? அவர்கள் போய்விட்டால் இந்தக் கிழவன் லயத்தில் தனியாகக் கிடப்பானே என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. எனக்குத் தனியாகச் சமைத்துச் சாப்பிடத் தெரியும். (இதை எழுதும்போது பாக்கியம் சிரிக்கிறாள். சிரித்ததையும் எழுது என்றேன்.)

நடந்ததை நடந்தபடி கேளுங்கள். எங்கள் தோட்டத்து டிரைவர் ஹுமைத் நானா இந்த மாதத்தோடு வேலையை விடுகிறார். தோட்டத்து ஆள் யாராவது லைசன் எடுத்தால் அந்த வேலை அவனுக்கு, இல்லாவிட்டால் வெளியாள்தான் என்று துரை சொல்லிவிட்டார். தேயிலைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையை டிரைவராக்குவது என்று அன்றைக்கே நான் முடிவெடுத்தேன். நான் ஒருநாளும் லொறி ஓட்டியதில்லை என்று நீங்கள் குத்திக் காட்டியிருக்கிறீர்கள். உண்மை. ஆனால் ஆயுசு முழுக்க டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான். ஓட்டுகிறவன் ரோட்டைத்தான் பார்ப்பான். ஓட்டுகிறவனைப் பார்த்தவன் நான்தானே?

வளர்ந்த ஆளுக்குப் பழக்குவது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் படிப்பிப்பது போல அல்ல, சம்பந்தி. பிள்ளை வெறும் மண்டையோடு வரும், போட்டதை வாங்கிக்கொள்ளும். நாற்பதை எட்டிப் பார்க்கிற ஆள் வரும்போதே மண்டை நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு வருகிறார். ரோசத்தை எல்லாவற்றுக்கும் மேலே கட்டி வைத்திருக்கிறார். முதல் பாடம் எங்கள் லயத்து வாசல் இஸ்தோப்பில் நடந்தது. பெஞ்சுதான் சீட்டு, சல்லடைதான் ஸ்டேரிங், மூன்று செங்கல்தான் பிரேக்கும் கிளச்சும் எக்சிலேட்டரும், மண்வெட்டிப் பிடிதான் கியர். மாப்பிள்ளை கிளச் செங்கலை விட்டுவிட்டுக் கியரை இழுத்தார். "யோவ் மாப்ள, கிளச்ச மிதிக்காம இழுத்தா கியர்பாக்ஸ் கையோட வந்துரும்யா!" என்று கத்திவிட்டேன். அடுப்படியிலிருந்து பாக்கியம், "அய்யோ, எங்க வீட்டு மம்பட்டி போச்சே!" என்றாள். பக்கத்து வீட்டுக் காம்பிராவெல்லாம் சிரித்தது. உங்கள் மகன் சல்லடையைத் தூக்கி ஆட்டுக்குட்டி மேல் போட்டுவிட்டு, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. வளர்ந்த ஆளை அவன் பெஞ்சாதி காதுபடத் திருத்தக் கூடாது. இதை டெஸ்ட் எடுக்கிற இன்ஸ்பெக்டர்மாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அதன்பிறகு ஹுமைத் நானாவிடம் கேட்டு, கொழுந்து இறக்கிய பின் நிஜ லொறியிலேயே பெக்டரி ரோட்டில் பாடம் நடத்தினோம். நான் வழக்கம்போல இடது பக்க சீட்டில். வாயைத் திறந்தால் மாப்பிள்ளைக்கு ரோசம் வருகிறதே என்று வாயை மூடிக்கொண்டு, கிளீனர் தொழில் முறைப்படி கதவுத் தகரத்தில் தட்டினேன். இரண்டு தட்டு என்றால் போ. ஒரு தட்டு என்றால் நில். விடாமல் தட்டினால் பின்னால் எடு. மருந்து டின்னைத் தட்டித் தட்டியே மட்டம் பார்த்துப் பழகிய மனுசன் இல்லையா, தட்டும் சத்தம் அவருக்கு உடனே பிடித்துக்கொண்டது. தெரிந்த ஒன்றின் தோளில் புதுசை ஏற்றிவிட்டேன். கொண்டை ஊசி வளைவில் பின்னால் கிடந்த வெறும் கூடை ஒன்றுகூட உருளாமல் திருப்பினார். ஹுமைத் நானா பார்த்துவிட்டு, "தம்பையாண்ணே, எனக்கு இப்புடிப் படிச்சுத்தர ஆளிருந்தா நான் ஏரோப்பிளேனே ஓட்டியிருப்பன்" என்றார். இதற்கு அவரே சாட்சி. கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது டெஸ்ட் விபரம். பதுளையில் டெஸ்ட் எடுக்கிற ஐயா வந்து எங்கே உட்கார்ந்தார் தெரியுமா? இடது பக்கம். என்னுடைய சீட்டில். என்னைக் கீழே நிற்கச் சொல்லிவிட்டார். உங்கள் மகன் மேல் குற்றமே இல்லை. இடது பக்கத்தில் இருப்பவர் தட்டினால் ஓட்டுவது என்று பழகியவர். ஐயா, "ம், எடு" என்றார். மாப்பிள்ளை எடுக்கவில்லை. "எடுய்யா, காது கேக்காதா?" என்றார். மாப்பிள்ளை மரியாதையாக, "ரெடிங்க ஐயா, நீங்க தட்டுங்க" என்றார். ஐயா கோபத்தில் கதவில் பட்பட்டென்று இரண்டு அடி அடித்தார். லொறி குதித்துக் கிளம்பிவிட்டது, நானும் பின்னாலேயே ஓடினேன். நல்ல ஓட்டம், சம்பந்தி! கியர் மாற்றியது வெண்ணெய். சந்தியில் ஐயா சிகரெட் பெட்டியை எடுத்துக் கதவில் ஒரு தட்டுத் தட்டினார், சிகரெட்டை எடுக்கத்தான். லொறி நட்ட நடுவில் நின்றது. பின்னால் வந்த பஸ்ஸின் கொண்டக்டர் தொங்கிக்கொண்டே, "என்னங்கய்யா, இங்கனயே லயம் கட்டிக் குடியிருக்கப் போறீங்களா?" என்று கத்தினார். ஐயாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "போ! போ! போ!" என்று விடாமல் கதவை அடித்தார். விடாமல் அடித்தால் என்ன செய்ய வேண்டும்? படித்த பாடப்படி உங்கள் மகன் அழகாகப் பின்னால் எடுத்தார். பஸ்ஸையும் தொடாமல் ஒதுக்கி, ஓரத்துப் பாய்க் கடைக்குள் பின்பக்கத்தை விட்டார். தொங்கிய பாய்களெல்லாம் லொறியை மூடிக்கொண்டன. ஒரு பாய்கூடக் கிழியவில்லை என்பதைக் கவனிக்கவும். வெளியே இறங்கிய ஐயா, "யார்யா இவனுக்குப் பழக்குனது?" என்று கேட்டார். கூட்டத்தில் நான் கையைத் தூக்கினேன். பாராட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

பெயில்தான். மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்வது போலக் கெட்டது உங்கள் மகன் அல்ல, பாடத்தின் கடைசி இலைதான் கிள்ளாமல் விடுபட்டது. வளர்ந்த ஆளிடம் ஒட்டிய பழக்கத்தைப் பிடுங்கக் கூடாது, சம்பந்தி. பிடுங்கினால் கூடவே தைரியமும் வந்துவிடும். பழக்கத்துக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். "மாப்ள, இனி நீங்களே தட்டுங்க" என்றேன். "நானே தட்டி நானே கேக்கறதா மாமா? ஆளுங்க பைத்தியம்னுல்ல சொல்லுவாங்க" என்றார். "லைசன் கெடச்சா பைத்தியத்துக்கும் சலாம் போடுவாங்க" என்றேன். இப்போது வலது கையால் தன் பக்கத்துக் கதவில் இரண்டு தட்டிக்கொண்டு போகிறார், ஒன்று தட்டிக்கொண்டு நிற்கிறார். அவரே கிளீனர், அவரே டிரைவர். வியாழக்கிழமை மறுபடி டெஸ்ட். பாஸ் என்பதில் எனக்குத் துளி சந்தேகமில்லை.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரவேண்டாம். பஸ் காசு மிச்சம். உங்கள் வீடு சின்னது, கூரை ஒழுகும், போன கார்த்திகையில் நான் வந்து படுத்தபோது என் காதுக்குள்ளேயே சொட்டியது. பண்டாரவளைக் குளிர் பிள்ளைகளுக்கு ஆகாது. மேமலையை விட்டு என் மகளும் மாப்பிள்ளையும் ஒரு அடி நகரமாட்டார்கள், நானும் நகரமாட்டேன். இதுவே என் முடிவான சொல். சம்பந்தியம்மாவின் மூட்டுவலி குறையவும், உங்கள் கோபம் அதைவிடச் சீக்கிரம் குறையவும், இரண்டு குடும்பமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து இன்னும் பல பாயாசம் குடிக்கவும் முருகன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் கோபமில்லாத சம்பந்தி,
தம்பையா (கைநாட்டு)

பி.கு.: பாக்கியம் கடிதத்தைத் தபாலில் போடாமல் வைத்திருந்ததில் வியாழக்கிழமையும் கடந்துவிட்டது. மாப்பிள்ளை பாஸ். அதே ஐயாதான். பழைய ஞாபகத்தில் கையிரண்டையும் மடியில் வைத்தபடியே இருந்தார், ரிவர்ஸ் கேட்கவே இல்லை. ஆனால் துரை பொறுக்காமல் புதன்கிழமையே வெளியாளைப் போட்டுவிட்டார். மரக்கறி லொறியோடு பதுளைக்கு வந்திருந்த உங்கள் ஜௌபர் முதலாளி ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, மூட்டை தூக்க வேண்டாம், லொறியையே ஓட்டு என்று கூப்பிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாப்பிள்ளை தலையாட்டிவிட்டார். பாக்கியம் நேற்றே பெட்டி கட்டியிருக்கிறாள். முதலாளியிடம் மாப்பிள்ளை, "மாமா தட்டாம பின்னால எடுக்க எனக்கு வராதுங்க" என்று சொன்னதால் என்னையும் கிளீனராக எடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வருகிறோம். உங்கள் வீட்டைப் பற்றி மேலே உள்ளதை மாற்றி எழுதப் பாக்கியம் மறுக்கிறாள், ஆகவே அந்த இடத்தை வாசிக்காமல் விடவும். சொட்டாத மூலையில் எனக்கு ஒரு பாய் போட்டு வையுங்கள். ரிவர்சை மாப்பிள்ளை தானாகத் தட்டி எடுக்கும் பாடத்தை நான் இன்னும் தொடங்கவில்லை. வளர்ந்த ஆளை அவசரப்படுத்தக் கூடாது. அதற்குச் சில வருசம் எடுக்கும் என்றுதான் நினைக்கிறேன்.