மெசின் சொன்ன பன்னிரண்டு கர்ப்பம்

பசறைத் தோட்டத்து வீட்டிலிருந்து வந்து, பதுளை ரயில் நிலைய வாங்குப் பலகையில் உட்கார்ந்து எழுதுவது.

பாசமும் பயமும் ஒருசேர வரவழைக்கும் யசோதினி அக்காவுக்கு,

தம்பி துஷாந்த் பணிவோடு தெரிவித்துக்கொள்வது: இங்கு அம்மா, அப்பா, ஆடு, நான் அனைவரும் சுகம். தோட்டத்தில் கர்ப்பிணி ஒருவர் மட்டுமே. மற்றப் பதினொரு பேர் வயிற்றிலும் ஒன்றுமில்லை என்பதை முதலில் அறியவும். நீ என் நம்பரை ப்ளொக் பண்ணியிருப்பதால் இதை ஐஸ் பெட்டி மூடியில் ஒட்டி, சாயங்கால ரயிலில் அங்கு திரும்பி வரும் உன் வகுப்புக் கூட்டாளி றிப்காவின் கையில் கொடுக்கிறேன். பெட்டியத் தொறக்க முந்தி இதப் படிச்சிரு.

நீ தாதியர் படிப்புல ஆராய்ச்சி பண்றது பெரிய விசயந்தான். மருந்தடிச்ச மலையில கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க ஒடம்புக்குள்ள அந்த மருந்து போய் என்னென்ன வேல பாக்குதுன்னு மூத்திரத்துல தேடுறது, ஒடம்புல கரைஞ்சு திரியிற ஆயிரம் சாமான ஒரே தடவையில பாக்கிற மெசின், மெட்டபொலோமிக்ஸ்னு அதுக்கு ஒரு பேரு, எல்லாம் எனக்கு வெளங்கிச்சு. ஏ.எல். படிப்புப் பாதியில நின்னவன்தான், மூள பாதியில நிக்கல்ல. முடிவு நல்லா வந்தா மருந்தடிச்ச மலைக்கு நாலஞ்சு நாளைக்கு ஆள் எறக்காதீங்கன்னு தோட்டத்துத் தொரைகிட்டப் பேசலாம், கொழுந்து நிறுக்கிற மடுவத்துல கை கழுவ ஒரு கொழாய் கேக்கலாம்னு நீ சொன்னதாலதான் பன்னெண்டு பேரும் சம்மதிச்சாங்க, நானும் போத்தல் சேத்து அனுப்பி வச்சேன். மருந்துக் கையோட ரொட்டி திங்கிறது அவங்கதானே, நீயும் நானும் இல்லியே.

ஆனா நீ போன் எடுத்த நேரம் இருக்கே! சிக்னல் கெடைக்கிறது மடுவத்து வாசல்ல மட்டும். கொழுந்து நிறுக்கக் கூடையோட எல்லாரும் வரிசையில நிக்கிறாங்க. என் போன் ஸ்பீக்கர்ல போட்டாத்தான் கேக்கும். அதுல நீ கத்துற: "டேய், பன்னெண்டு பேரும் கர்ப்பம்னு காட்டுதுடா! பன்னெண்டு பேரும் சீனி வியாதிக்குக் குளுச போடுறாங்க, பன்னெண்டு பேரும் வெத்தல! என்னடா செஞ்சு தொலைச்ச?"

வெத்தலயே தொடாத, கல்யாணம் ஆகாத தனுஜா தராசப் புடிச்சுக்கிட்டு அப்பிடியே ஒக்காந்துட்டா. பென்சனுக்கு ரெண்டு மாசம் இருக்கிற ராசம்மா மாமி கூடைய எறக்கி வச்சு, "அடப்பாவி, எனக்குமாடா?"ன்னாங்க. சுவத்துல சாஞ்சு நின்ன அவங்க வீட்டுக்காரர் ரெங்கசாமி மாமா மெதுவா மீசையத் தடவி, "மெசின் பொய் சொல்லாது புள்ள"ன்னார். அன்னைக்குப் பொழுது சாயிற வரைக்கும் மனுசன் லயம் லயமா, வீடு வீடாப் போய்த் தேத்தண்ணி குடிச்சார் அக்கா. எல்லா வீட்டுலயும் சீனி கூடவே போட்டுக் குடுத்தாங்க. நீ என்னடான்னா, "எங்களுக்குப் படிப்பிக்கிற சேர் இந்தத் தோட்டத்தையே ஆராய்ச்சியில இருந்து தூக்கிருவார், மாசக் கடைசிக்குள்ள திரும்ப எடுத்து அனுப்பு"ன்னு சொல்லி வச்சுட்ட, ப்ளொக்கும் பண்ணிட்ட.

நான் வெசாரிச்சேன். தப்பு ஒன்னோடதுதான். போத்தல்ல கோடு போட்டு, இது வரைக்கும் ரொப்பணும்னு சொன்னது யாரு? நம்ம ஆளுங்ககிட்டப் போய்க் கோடு காட்டலாமா? மடுவத்துல கொழுந்து கொறைஞ்சா அரைப்பேர்தான் போடுவாங்க, பாதிச் சம்பளம். அதனால பக்கத்துல நிக்கிறவ ஒரு கை அள்ளிப் போட்டு முழுப்பேர் ஆக்கிவிடுவா. நம்ம அம்மாவும் அப்பிடித்தானே. அதேமாதிரி அன்னைக்கு வெள்ளன தண்ணி புடிக்கிற பீலிக்கரையில பன்னெண்டு போத்தலும் கூடியிருக்கு. தனுஜாவுக்குக் கோட்டுக்குக் கீழ நின்னிருக்கு. மாசமா இருக்கிற ஜீவராணிக்கு வழிஞ்சிருக்கு. ராசம்மா மாமி ஒரு வாளியக் கொண்டாந்து எல்லாத்தையும் ஒண்ணா ஊத்தி, கோடு பாத்து, அளந்து அளந்து ரொப்பிவிட்டிருக்காங்க. ஒருத்திக்கும் அரைப்பேர் இல்ல! ஜீவராணி வயிறும், மாமியோட குளுசயும் வெத்தலயும் எல்லாருக்கும் சமமாப் பங்கு. நானும் மடையன் மாதிரி, என்னா ஒத்துமன்னு நெனச்சு ஐஸ்ல அடுக்கினேன்.

நேத்து எல்லாரையும் கூட்டி வெளக்கினேன். "மாமி, இது கொழுந்து இல்ல. கலந்தா யாரு ஒடம்புல எவ்வளவு மருந்துன்னு தெரியாது."

"ஏன்டா, எல்லாரும் ஒரே மலையிலதானே நிக்கிறோம்? எல்லாருக்கும்தானே போயிருக்கும்?"

இது மாமி கேட்டது. ஒன் சேருக்குப் பதில் வருதான்னு கேட்டு வை.

கடைசியில வரப்போற அந்தக் கொழாய் மேல, இனிக் கலக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணினாங்க. லயத்து வாளி எல்லாத்தையும் வாங்கி நம்ம கோழிக்கூட்டுல பூட்டினேன். ரெங்கசாமி மாமா குளிக்க வாளி இல்லாமக் கத்தினார், கத்தட்டும். தனுஜாவக் காவல் போட்டேன். இன்னைக்கு வெள்ளன ஒவ்வொருத்தியும் தன் வீட்டுல, தன் போத்தல்ல. நான் பெட்டியோட போய் நின்னப்ப பன்னெண்டும் கோட்டுக்குக் கோடு வரிசையா இருந்திச்சு. பஸ்ல நம்ம அண்ணன் மாதிரி இருக்கிற கண்டக்டர் அலவி நானா "மீனாடா?"ன்னார். "விஞ்ஞானம், நானா"ன்னேன். முன் சீட்டு குடுத்தார். எழுதி வச்சுக்க அக்கா: ஒரு சொட்டுக் கலப்பில்ல. தம்பி வேலைன்னா தம்பி வேல.

உன் ஆராய்ச்சி வெல்லவும், மடுவத்தில் தண்ணீர் கொட்டவும், என் நம்பருக்கு விடுதலை கிடைக்கவும் அம்மா முருகனுக்கு விளக்கேற்றியிருக்கிறார்.

உன் அன்புத் தம்பி,
துஷாந்த்

பி.கு.: இப்பதான் தனுஜா போன் பண்ணினா. ஜீவராணிக்கு விடியிறதுக்கு முந்தியே நோவு வந்து ஆஸ்பத்திரிக்கு ஏத்தியிருக்காங்க. பொம்பளப் புள்ள, ரெண்டு பேரும் சொகம்! அவ போத்தல் மட்டும் காலியாக் கெடந்திருக்கு. "புள்ளப் பெறப் போனவளுக்குப் பேர் போகலாமா?"ன்னு ராசம்மா மாமி கேக்க, ஆளுக்குக் கொஞ்சம் ஊத்தி ரொப்பியிருக்காங்க. ஊத்தினவங்களுக்குக் கோட்டுக்குக் கீழ எறங்கிருச்சு. அப்புறம் என்ன, திரும்ப எல்லாத்தையும் ஒண்ணா ஊத்திப் பங்கு போட்டிருக்காங்க; வாளியத்தானே நான் பூட்டினேன், ஜக்கப் பூட்டல்லியே. ஜக்கப் புடிச்சது காவல்காரி தனுஜா. றிப்கா ரயில்ல ஏறிட்டா, பெட்டிக்குக் கை நீட்டுறா. எப்பிடியோ, இந்தத் தடவ மெசின் யாரையும் கர்ப்பம்னு சொல்லாது. மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கு. கோடு போடாத போத்தலா பன்னெண்டு அனுப்பு.