ஃபுல் கவர் பாயும் என் புது லைசென்ஸும்

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் லைசென்ஸ் வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ஃபுல் கவர் பாய்தான். இத்தனைக்கும் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. டிரைவிங் டெஸ்டுக்கு நாலு முறை போனவர். நாலாவது முறை பிரேக் இன்ஸ்பெக்டரே பாதி வழியில் இறங்கி, ஆபீசுக்கு நடந்து போய்விட்டார் என்று ஊரில் பேச்சு.

பாய் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட். உக்கடத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை மாடியில் ஒற்றை அறை ஆபீஸ். புது டிரைவர் யார் போனாலும் ஃபுல் கவர் பாலிசி எடுத்தே ஆகவேண்டும். எதிராளிக்கு மட்டுமான மலிவு பாலிசியைத் தரவே மாட்டார். பெயர் வந்தது அதனால்தான். தவிர, அவர் கையில் எது கிடைத்தாலும் பிளாஸ்டிக் கவருக்குள் போய்விடும். குடை, மூக்குக் கண்ணாடி, டெலிபோன், காலண்டர் எல்லாம் கவருக்குள். காலண்டரில் தேதி கிழிக்க ஐந்து நிமிடம் ஆகும்.

நான் போனபோது எனக்கு முப்பத்துநாலு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவருக்குக் கோபிசெட்டிபாளையத்துக்கு மாற்றலாகி, வீட்டு அம்பாசிடரை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். லைசென்சுக்கு வயது ஒரு வாரம்.

"இருக்கறதுலயே கம்மியா வர்ற பாலிசி போதுங்க பாய்" என்றேன்.

பாய் என்னைத் துக்க வீட்டில் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, நாப்பது வருசம் ஓட்டுனவரு கம்மியாக் கட்டுனா அது சிக்கனமுங்க. நேத்து லைசென்ஸ் வாங்குனவங்க கட்டுனா அது வேண்டுதலுங்க."

அவருக்குக் கம்பெனி மீதே ஒரு குறை இருந்தது. பழைய டிரைவருக்கும் புது டிரைவருக்கும் ஒரே கட்டணமா என்று வருடம்தோறும் மேலிடத்துக்குக் கடிதம் எழுதுவார். பதில் வராது. அதனால் தானே ஒரு வரி போட்டுவிட்டார். புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் நாலு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் பாலிசி. ஓசி சவாரிக்கு வழி பண்ணிக்கொண்டார் என்று பேசினார்கள். அந்தச் சவாரிகளிலேயே தன் வாடிக்கையாளர் வீடுகளுக்கெல்லாம் போய்வந்தார் என்பதால் பேச்சில் உண்மையும் இருந்தது.

ஒரு மில் முதலாளி மகன் அவிநாசி ரோட்டில் ஒரே மூச்சில் மூன்று பஸ்ஸை முந்தினானாம். முதல் சிக்னலில் பாய், "ஒரு நிமிசமுங்க, வாரேன்" என்று இறங்கியவர், அந்த மூன்று பஸ்ஸில் ஒன்றில் ஏறி ஊர் வந்து சேர்ந்தார். மறுநாள் விண்ணப்பம் தபாலில் திரும்பிப் போனது. 'தம்பிக்கு ஏற்ற கவர் இன்னும் தயாராகவில்லை' என்று எழுதியிருந்தாராம்.

என் முதல் ஞாயிறு காங்கேயத்துக்கு. அங்கே ஒரு தேங்காயெண்ணெய் மில்லில் அவருக்கு வேலை. ஊருக்குள் நுழையும்போது நடுரோட்டில் ஒரு காளை நின்றது. நான் ஆரனை அமுக்கினேன். காளை திரும்பி, கொம்பை ஒருமுறை ஆட்டியது.

"ஆரன் அடிக்காதீங்க அம்மணி. அது எந்தக் கம்பெனியிலயும் பாலிசி எடுக்கலைங்க. அதுக்கென்ன பயம்? நாமதான் நிக்கோணும்."

கால் மணி நேரம் நின்றோம். நாலாவது ஞாயிறு முடிந்ததும், "பாஸ் பண்ணிப்போட்டீங்க" என்று பாலிசியைத் தந்தார். கவருக்குள் கவராக மூன்று கவர்.

மூன்றாவது மாதம் நான் இடித்தேன்.

ராமநாதபுரம் திருப்பத்தில் எதிரே பஸ் வந்ததும் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டேன். ஓரமாகச் சைக்கிளில் இளநீர் ஏற்றி வந்த ஆறுச்சாமி என்பவர் விழுந்தார். வலது கால் எலும்பு முறிந்தது. ரோடெல்லாம் இளநீர் உருண்டது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தேன். கூட்டம் கூடிவிட்டது. பொம்பளைக்கு எதுக்குக் காரு என்று ஒருவர் கத்தினார். யாரோ ஒரு புண்ணியவான் கண்ணாடியில் ஒட்டியிருந்த பாயின் ஸ்டிக்கரைப் பார்த்துப் போன் பண்ணியிருக்கிறார். பாய் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே ஆறுச்சாமியிடம் போய், தன் துண்டை மடித்துத் தலைக்கு வைத்தார். அவரை ஆட்டோவில் ஏற்றிய பிறகுதான் என் பக்கம் வந்தார்.

"இறங்குங்க அம்மணி. ஆஸ்பத்திரிக்கு நீங்களும் வரோணும்."

"என்னைப் பார்த்தா அடிப்பாங்க பாய்."

"ரெண்டு வார்த்தை திட்டுவாங்க. வாங்கிக்கலாமுங்க. இன்னைக்கு ஒளிஞ்சா ஆயுசுக்கும் ஒளியோணுமுங்க."

போனேன். ஆறுச்சாமியின் மனைவி மயிலாத்தாள் திட்டினாள். இரண்டு வார்த்தையில் நிற்கவில்லை. பாய் கூடவே நின்று, தன் பங்குக்கும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரமே ஆறுச்சாமிக்கு வக்கீல் பிடித்து, நஷ்டஈடு கேட்டு மனுப் போட வைத்தார். கம்பெனி மேனேஜர் கூப்பிட்டுக் குதித்தாராம். "நம்ம ஏஜென்ட்டே நம்ம மேல கேஸ் போடச் சொல்றதாய்யா?"

"நானு வித்ததே இதுக்குத்தானுங்க சார்" என்றிருக்கிறார் பாய்.

கேஸ் ஒரு வழியாக முடிந்து பணமும் வந்தது. எனக்குத்தான் எதுவும் முடியவில்லை. காருக்குப் படுதா போட்டு மூடிவிட்டு டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனேன். சாலையில் இளநீர்க் கடையைப் பார்த்தாலே தலையைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு ஞாயிறு காலை பாய் வீட்டுக்கு வந்தார்.

"ஆறுச்சாமி சம்சாரத்துக்கு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போகோணுமாமுங்க. ஆறுச்சாமியும் கூட வரோணுமாம். அவரால பஸ் படி ஏற முடியலீங்க."

"டாக்ஸிக்கு நான் பணம் தர்றேன் பாய்."

"டீச்சரம்மா ஓட்டுவாங்கன்னு சொல்லிப்போட்டேனுங்க. அவரும் சரின்னுட்டாரு. இடிபட்டவரே ஏறுறேன்னு சொல்றாரு. நீங்க மாட்டீங்களா?"

படுதாவை எடுத்தேன். ஆறுச்சாமி காலை நீட்டிப் பின் சீட்டில் உட்கார்ந்தார். முன்னால் என் பக்கத்தில் பாய். பின்னால் அவரை ஒட்டி மயிலாத்தாள். அவள் மடியில் ஒரு பை. பொள்ளாச்சி தாண்டியதும் பையிலிருந்து மிளகாய் நெடி வந்தது.

எனக்கு உயிர் போய்விட்டது. மாசாணியம்மன் சன்னதியில் நியாயம் கேட்பவர்கள், கெடுதல் செய்தவரை நினைத்து மிளகாய் அரைப்பார்கள். அரைத்தால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும் என்பது நம்பிக்கை. என்மேல் அரைக்கப்போகும் மிளகாயை நானே ஓட்டிக்கொண்டு போகிறேன்! கோயில் வரை முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை.

மயிலாத்தாள் அரைத்தாள். கல் தேய அரைத்தாள். திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"உங்களுக்கு இல்லீங்க டீச்சர். எங்க வெள்ளாட்டைத் திருடுன பக்கத்தூட்டுக்காரனுக்குங்க. ஆறு வருசமா வரோணும் வரோணும்னு இருந்தேன், இப்பத்தான் காரு கெடச்சுது."

ஆறுச்சாமி, "நீங்க பாத்துத்தான் ஓட்டறீங்க" என்றார். எனக்கு அழுகை வந்தது. பாய் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே தென்னைமரங்களை எண்ணுவதுபோல் இருந்தார்.

இருவரையும் வீட்டில் இறக்கிவிட்டு உக்கடம் வந்தபோது மாலை நெரிசல். பாய் இறங்கினார். வண்டியைத் திருப்ப வேண்டும். ஆனால் பின்னால் ஆரன்கள் அலற, எதிரே டவுன் பஸ் ஒன்று முட்டவருவதுபோல் வந்தது. எது பிரேக், எது ஆக்சிலரேட்டர் என்று என் காலுக்கு மறுபடி மறந்துவிட்டது.

பாய் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுரோட்டுக்குப் போனார். இரண்டு கைகளையும் விரித்து பஸ் முன்னால் நின்றுவிட்டார்.

டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். பாய் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"மெதுவாத் திருப்புங்க அம்மணி! ஒண்ணும் அவசரமில்லீங்க!"

மெதுவாகவே திருப்பினேன். எனக்காக ஒரு பஸ்ஸின் முன்னால் கைவிரித்து நின்ற மனிதர் என் வாழ்க்கையில் அவருக்கு முன்பும் யாருமில்லை, பின்பும் யாருமில்லை.