ராகு காலம் கழித்துச் சுப்பராமன் வலையேறிய படலம்

வாழ்க சுப்பராமன்! மயிலைத் தெற்கு மாட வீதியின் மணிவிளக்காய், கம்பெனிக் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் நாற்காலி தேய்த்த நற்றவத்தோனாய், ஓய்வு பெற்ற மறுவாரமே மனைவியின் தொழிலுக்கு நிர்வாகி என்று தனக்குத் தானே முடிசூட்டிக்கொண்ட தன்னேரில்லாத் தலைவனாய் விளங்கும் சுப்பராமன் வாழ்க! அவன் மூக்குக்கண்ணாடி வாழ்க! மூஷிக வாகனப் பெருமானே, மேசைமேல் வாலோடு கிடக்கும் பிளாஸ்டிக் மூஷிகத்தை அவன் விரும்பும் திசையில் நகரச் செய்தருள்வீராக. நகராவிட்டால் அதைக் கவிழ்த்து உள்ளேயிருக்கும் உருண்டையைத் துடைக்க வேண்டும் என்ற ஞானத்தையாவது அருள்வீராக.

தலைவனைச் சொன்ன வாயால் தலைவியையும் சொல்வோம். அவள் ஹம்சா, சீர் பட்சணம் செய்து கொடுப்பவள். அவள் கை சுற்றிய முறுக்கு ஏறாத சீமந்தத் தட்டு மயிலையில் இல்லை. ஆனால் கல்யாண ஆர்டர் என்று ஒன்று அதுவரை அவளுக்கு வாய்க்கவில்லை. அடையாறு நீரஜா மாமி தன் பெண் கல்யாணத்துக்கு, பருப்புத் தேங்காய் முதல் லட்டு வரை மொத்தச் சீரையும் ஹம்சாவிடமே விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அது மட்டும் கிடைத்துவிட்டால் தானும் நாலு பேர் அறிந்த கல்யாண பட்சணக்காரி ஆகிவிடலாம் என்று ஹம்சா ஏங்கியது அடுக்களையின் உளுந்து டப்பாவுக்குக்கூடத் தெரியும். "வெள்ளிக்கிழமை முடிவு சொல்லிடறேன். பன்னெண்டு மணிக்கு ராகு காலம் போயிடும். அதுக்கப்பறம் போன் பண்றேன்" என்று மாமி சொல்லியிருந்தாள்.

இது நிற்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டில், தியாகராய நகரில், குளிரூட்டிய ஒரு கூடத்தில், கழுத்துப் பட்டை அணிந்த ஓர் இளைஞன் இலவசமாக ஆற்றிய அருளுரையை நம் தலைவன் செவிமடுத்திருந்தான். காகிதம் செத்தது, இனி அலுவலகமெல்லாம் வலையிலே, கேலண்டரும் வலையிலே, உலகின் எந்த மூலையில் இருந்தாலும் உங்கள் ஆர்டரை நீங்கள் பார்க்கலாம் என்றான் அந்த இளைஞன். தாம்பரத்துக்கு அப்பால் போவதென்றால் முதல் நாளே பஞ்சாங்கம் புரட்டும் சுப்பராமனுக்கு இந்த வசதி உடனே அவசியமாகிவிட்டது. அடுக்களைச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் பென்சிலால் ஆர்டர் எழுதிவந்த ஹம்சாவின் வழக்கம் அன்றோடு காட்டுமிராண்டித்தனம் என்று அறிவிக்கப்பட்டது. கம்ப்யூட்டர் வந்தது. மோடம் வந்தது. அவ்வீட்டுக்கு வந்த ஒரே தொலைபேசிக் கம்பியில் அவையும் பங்குக்கு வந்தன. கம்ப்யூட்டர் வலையில் இருக்கும்வரை வெளியிலிருந்து கூப்பிடுபவர்க்கு லைன் கிடைக்காது. இதுவும் அந்த அருளுரையில் சொல்லப்பட்டதுதான். அந்நேரம் நம் தலைவன் சமோசா எடுக்கப் போயிருந்தான்.

வெள்ளிக்கிழமையும் புலர்ந்தது. எழுந்தான் சுப்பராமன், நீறு பூசினான், திரைமுன் அமர்ந்து திசையெட்டும் அதிர முழங்கினான்:

"கேளுங்கள்! இன்று முதல் இந்நிறுவனத்தின் ஆர்டர்கள் அனைத்தும் வலையேறும்! முதற்பதிவு ஒரு கல்யாணமாகவே இருக்கும்! ராகு காலம் கழிந்த கணத்திலே கை வைப்பேன்!"

அடுக்களையிலிருந்து பதில் வந்தது. "ஏன்னா, மாமி கூப்பிடற நேரம்னா அது. இன்னும் முடிவே சொல்லலை, அதுக்குள்ள என்னத்த ஏத்தப் போறேள்?"

"ரெண்டே நிமிஷம்."

ஹம்சாவுக்கு வாதாட நேரமில்லை. மாமிக்கு மாதிரி காட்டப் பருப்புத் தேங்காய் செய்ய வெல்லப்பாகு வைத்திருந்தாள். பதம் தவறினால் அது கூம்புக் கூட்டில் நிற்காது.

அடித்தது பன்னிரண்டு. விரலை வீசினான் வீரன். அலறியது மோடம், கரகரத்தது, கீச்சிட்டது, தகரத்தில் தேங்காய் துருவினாற்போல் தெருக்கோடி வரை ஓசை எழுப்பி, அப்படியே அடங்கியது. இணைப்பு இல்லை. அஞ்சினானா? அஞ்சவில்லை! மீண்டும் ஏவினான், மீண்டும் அலறியது, மீண்டும் அறுந்தது. மூன்றாம் படையெடுப்பில் கோட்டைக்கதவு திறக்க, உள்ளே பாஸ்வேர்டு என்னும் வாயிற்காவலன் மறித்து நின்றான். குலதெய்வத்தின் பெயரைக் கொடுத்தான், ஏற்கவில்லை. மனைவியின் பெயரைக் கொடுத்தான், அதையும் ஏற்கவில்லை. தன் பெயரையே கொடுத்ததும் கதவு திறந்தது. இவ்வலை யாருக்கானதென்று அப்போதே நமக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அதே பன்னிரண்டு மணிக்கு, அதே ராகு காலம் கழிந்ததை அதே திருப்தியோடு பார்த்துவிட்டு, அடையாற்றில் நீரஜா மாமியும் போனை எடுத்தாள். எங்கேஜ்டு. சுவாமி விளக்கைத் தூண்டிவிட்டு வந்து மறுபடி சுழற்றினாள். எங்கேஜ்டு. பெண்ணின் கல்யாணக் காரியத்தில் முதல் போனே தடங்கலாகிறதே என்று அவளுக்கு மனசு கொஞ்சம் கலங்கியது. அந்த மனசை யாராலும் குறை சொல்ல முடியாது.

இங்கோ, மயிலையில், கேலண்டர்ப் பக்கம் மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டிருந்தது. தலைப்பு வந்தது, அரை விளம்பரம் வந்தது, மாதத்தின் முதல் வாரம் வந்தது, அதோடு நின்றது. முகூர்த்த நாள் கடைசி வாரத்தில் இருந்ததால் வீரன் காத்திருந்தான்.

"போன் அடிச்சுதா?" என்றாள் ஹம்சா, பாகைக் கிளறியபடி.

"அடிக்கவே இல்லை!" என்று கர்ஜித்தான் சுப்பராமன். வாழ்நாளில் அவன் சொன்ன அப்பழுக்கற்ற உண்மை அது.

இறங்கியது கடைசி வாரம்! பாய்ந்தது மூஷிகம்! தமிழெழுத்தை அறியாத அந்த அயல்நாட்டுக் கேலண்டரில், ஆங்கில எழுத்துக்களை ஒற்றை விரலால் ஒவ்வொன்றாய்த் தேடித் தேடிக் குத்தி, 'நீரஜா மாமி ஆத்துக் கல்யாணம், உறுதி' என்று பொறித்தான். பதிந்தது! கடல் கடந்து, கண்டம் கடந்து, இன்னதென்று தெரியாத ஊரில் இன்னதென்று தெரியாத கம்ப்யூட்டரில் மயிலை முறுக்கின் கொடி ஏறியது! வெற்றி, வெற்றி என்று எழுந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்தான் வீரன்.

உடனே போன் அடித்தது. அடுப்பைத் தணித்துவிட்டு ஓடி வந்து எடுத்தாள் ஹம்சா.

"பன்னெண்டுலேர்ந்து பண்ணிண்டே இருக்கேன் ஹம்சா, ஒரே எங்கேஜ்டு. மனசுக்கு என்னமோ போல ஆயிடுத்து. மாம்பலத்துல ஒருத்தரண்ட சொல்லிட்டேன். நீ காத்துண்டிருப்பியேன்னுதான் ஒரு வார்த்தை..."

"அதனால என்ன மாமி. கல்யாணம் நன்னா நடக்கட்டும்."

போனை வைத்தபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். பாகு பதம் தாண்டிக் கருகிய வாசனை கூடம் வரை வந்தது. வலை வென்ற வள்ளல், மயிலைக்கோர் மாவீரன், அடுக்களைக்கு ஓடி அடுப்பை அணைத்துவிட்டு வந்தான்.

"அதுலேர்ந்து மாமி பேரை எடுத்துடுங்கோ" என்றாள் ஹம்சா.

எடுப்பதற்கு மறுபடியும் கனெக்ட் பண்ண வேண்டியிருந்தது.