டபிள் அண்ணையின் மூன்றாம் வழி

தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில் டபிள் அண்ணையிடம் வழி கேட்டுச் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தவர் ஒருவருமில்லை. புதிதாக வந்த ஒருவர் ரூ பஜோல் பிள்ளையார் கோயிலுக்கு வழி கேட்டார். பக்கத்துத் தெருதான். அண்ணை இரண்டு வழி சொன்னார்.

"ஒண்டு அடைபட்டா மற்றதாலை போங்கோ. ஆனா ரெண்டும் ஒரு சந்தியிலையும் முட்டப்படாது, கவனம்!"

முட்டாமலே நடந்த மனிதர் செயின் நதிக்கரையில் நின்று மச்சானுக்குப் போன் எடுத்தார்.

எதிலும் இரண்டு வேண்டும் அண்ணைக்கு. இடுப்பில் பெல்ட்டும் இருக்கும், தோளில் காற்சட்டை வாரும் இருக்கும். பெயரின் காரணம் அதுதான்.

அவரும் நானும் ஒரே தொலைத்தொடர்பு அலுவலகம். நான் சம்பளப் பிரிவு. அவர் ஒளியிழை வலையமைப்புகளை வடிவமைப்பவர். அது என்ன வேலையென்று ஒரு மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் கேட்டுவிட்டேன். என் இடியப்பத்தைப் பிய்த்து மேசை முழுக்கப் பரப்பினார்.

"இந்த நூலுக்குள்ளை வெளிச்சம் ஓடுது, தம்பி. கதை, படம் எல்லாம் வெளிச்சமாத்தான் போகுது. நூல் அறுந்தா, மென்பொருள் உடனை மற்றப் பாதையிலை திருப்பிவிடும்."

"அது எங்கை இருக்கு?"

"ஒரு இடத்திலை இருந்து எல்லா இடத்தையும் பாத்துக்கொண்டிருக்கும்."

"கடவுள் மாதிரியோ?"

"சீச்சீ. இதை நாங்கள் திருத்தலாம்."

எனக்குப் பசியும் போய்விட்டது, புத்தியும் கலங்கிவிட்டது. கடைக்காரர் துணியோடு வந்து நின்றார். "அண்ணை, ரோட்டுப் போட்டு முடிஞ்சா மேசையைத் துடைக்கலாமோ?"

அடுத்த மாதம் என் தங்கைக்குக் கலியாணம். நிலத்துக்குக் கீழே ஒரு மண்டபம். யாழ்ப்பாணத்திலிருந்த அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. "அம்மா பாக்காமல் நான் கழுத்தை நீட்டமாட்டன்" என்று தங்கை ஒற்றைக்காலில் நின்றாள். கலியாணத்தை அம்மாவுக்கு நேரடியாகத் திரையில் காட்ட அண்ணை பொறுப்பெடுத்தார். இரண்டு கம்பனிகளிடம் இரண்டு இணைப்புகள், வெவ்வேறு தெருவால். ஒன்று வேலை செய்யும். மற்றது மின்சாரத்தை வீணாக்காமல் தூங்கும், தேவைப்பட்டால் எழும்பும்.

ஐயர் தாலியைத் தொட்டுக் கும்பிடக் கொடுத்த நேரம், திரையில் அம்மா வாய் திறந்தபடி உறைந்துபோனார்.

"பயப்பிடாதேங்கோ, மற்றது எழும்புது!"

மற்றது எழும்பவில்லை. மேலே ஓடிய அண்ணை வெளிறிப்போய்த் திரும்பினார். வீதி திருத்துகிற இயந்திரம் கேபிளைக் கிழித்திருந்தது. "ரெண்டு கம்பனியும் வாசலுக்குக் கிட்ட ஒரே குழியாலை கொண்டுவந்திருக்கிறாங்கள், தம்பி. வரைபடத்திலை வேறை வேறை தெரு..."

எல்லோரும் கைபேசியை எடுத்தோம். நிலத்துக்குக் கீழே சிக்னல் ஒரு கோடுகூட வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். தங்கை விம்மினாள். "முகூர்த்தம் போகுது!" என்று ஐயர் கத்தினார். யார் யாரிடம் என்ன கேட்கிறார்கள் என்றே தெரியவில்லை.

அண்ணை மணவறையைப் பார்த்தார். படிக்கட்டைப் பார்த்தார்.

"படம் கீழை வராட்டி, பொம்பிளை மேலை போகட்டும். எழும்பு பிள்ளை!"

"அக்கினி?" என்றார் ஐயர்.

"குத்துவிளக்கைத் தூக்குங்கோ!"

மரக்கறிப் பெட்டிகளுக்கும் பஸ் தரிப்புக்கும் நடுவில், நடைபாதையில் தங்கையும் மாப்பிள்ளையும் நின்றார்கள். அண்ணை கைபேசியைத் தலைக்கு மேலே பிடித்தார். அதில் அம்மா அசைந்தார். மேளகாரர் இன்னும் படியேறிக்கொண்டிருந்தார். வழி கேட்டு பஸ் சாரதி விடாமல் ஹோர்ன் அடிக்க, அதையே கெட்டிமேளமாக எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை தாலியைக் கட்டினார்.

"கண்டிட்டன் பிள்ளை, கண்டிட்டன்!" என்றது யாழ்ப்பாணம்.

பந்தியில் அண்ணையைக் காணவில்லை. தேடிப் போனேன். வீதி திருத்துகிற வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தக் குழிக்குள் அறுந்த கேபிளைப் பார்த்தபடி நின்றார்.

"என்ரை பிழை, தம்பி. வரைபடத்தை நம்பாமல் நேரை வந்து பாத்திருக்கவேணும்."

பிறகு எந்த இழை எங்கே போகிறது என்று விளக்கத் தொடங்கினார். சோற்றுத் தட்டோடு நானும் குழிக்குள் இறங்கினேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர் நிறுத்திவிடக் கூடாதே என்று, "ஓம் அண்ணை, பிறகு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.