பனிமலையில் நான் செத்துப்போன நாள்

உயிரோடு இருக்கிற மனிதன், தான் சாகவில்லை என்று நிரூபிப்பதைப் போலக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை. செத்தவனுக்கு எழுதிக் கொடுக்க டாக்டர் இருக்கிறார். சாகாதவனுக்கு யார் இருக்கிறார்கள்? சொந்தக்காரர் ஒருமுறை முடிவெடுத்துவிட்டால் அவ்வளவுதான். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனபடியால் இதை எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. மெல்பேணில் ஒரு பேக்கரியில் வேலை. ஸ்பிரிங்வேலில் வீடு. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில். இப்படிப்பட்டவன் பனிமலைக்கு ஏன் போனான் என்று கேட்பீர்கள்.

முந்தின குளிர்காலத்தில் என் மகள் சிநேகிதிகளோடு பனி பார்க்கப் போய், மூட்டத்துக்குள் வழி தவறிவிட்டாள். நானும் மனைவி வசந்தியும் ஓடிப்போய் மலையடிவாரத்தில் நின்றோம். அந்த மலைக்காடுகளில் சறுக்குப் பலகை கட்டிக்கொண்டு காவல் சுற்றுகிற தொண்டர்கள் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. அவர்கள்தான் தேடிப் போனார்கள். நான் காருக்குள் இருந்து முருகனிடம் நேர்ந்துகொண்டேன்: "பிள்ளை கிடைத்தால் நானும் ஒரு குளிர்காலம் இந்த ஆட்களோடு நின்று தொண்டு செய்வேன்." பிள்ளை கிடைத்தாள். நடுங்கிக்கொண்டு வந்தாள்.

நேர்த்தியைச் சொன்னதும் வசந்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பால்செம்பு எடுக்கிறன் எண்டு நேர்ந்திருக்கலாமே? நேர்றதுக்கு முதல் உங்கட வயித்தை ஒருக்காப் பாத்தனீங்களே?"

வயிற்றைப் பார்த்து யாராவது நேருவார்களா?

சேர்ந்தேன். பயிற்சி தந்தவர் ஜூடி. அறுபது தாண்டிய மனுசி, ஆனால் மலையில் ஆடு மாதிரி ஏறுவார். சறுக்கப் பழகினேன். (விழுவது மட்டும் பழகாமலே வந்தது.) ஆனால் எனக்குப் பொறுக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. காயப்பட்டவரைப் பனிவண்டியில் கட்டி இழுக்கிற பயிற்சியில், எப்போது பார்த்தாலும் நான்தான் காயப்பட்டவர். ஏன் என்று கேட்டால், பாரமான ஆளை இழுத்துப் பழகினால்தான் கை உறுதிப்படுமாம்! கால் முறிந்தது, கழுத்துப் பிசகியது, ஒரு சனிக்கிழமை எனக்குப் பிரசவ வலிகூட வந்தது.

கடைசிப் பயிற்சி நாள் வந்தது. பின்னேரம் எனக்குப் பரீட்சை. பனியில் புதைந்த ஆளுக்குப் பதிலாக ஒரு சமிக்ஞைக் கருவியைப் புதைத்து வைப்பார்கள், அதைக் குறித்த நேரத்துக்குள் தேடி எடுக்க வேண்டும். எடுத்தால் அந்தக் குளிர்காலமே காவலில் சேரலாம். இல்லையென்றால் அடுத்த வருடம். முருகனுக்குச் சொன்ன வாக்கு ஒரு வருடம் தொங்கும். எனக்கு அதுதான் நெஞ்சில் கிடந்தது.

காலையில் மற்றப் பிள்ளைகளுக்குப் பனிவண்டி இழுக்கிற பரீட்சை, வழக்கம்போல் என்னைக் கட்டினார்கள். குளிர்க் காற்றில் மூக்கால் இரத்தம் வந்திருந்தது, அதனால் இரண்டு மூக்குத் துவாரத்திலும் பஞ்சு. காது குளிராமல் இருக்கத் தாடையைச் சுற்றி ஒரு துணி, தலைக்கு மேல் முடிச்சு. கால் முறிவு என்பதால் இரண்டு பாதமும் சேர்த்துக் கட்டு. நெற்றியில் காலையில் பூசிய திருநீறு. கழுத்துவரை வெள்ளைப் போர்வை, மேலே குறுக்காகச் செம்மஞ்சள் பட்டிகள். மயங்கிய ஆள் என்பதால் கண் மூடியிருக்க வேண்டும்.

இவ்வளவும் ஆனபிறகு எனக்கொரு ஆசை. வீரமாகத் தொண்டு செய்வதைச் சனம் பார்க்க வேண்டாமா? பக்கத்தில் நின்ற பெடியனிடம், என் சட்டைப்பையில் இருந்த போனை எடுத்து, படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போடச் சொன்னேன். போட்டான். பட்டி பூட்டிக்கொண்டிருந்த நாலு வெள்ளைக்காரர் தலையைக் குனிந்தபடி சுற்றி நிற்க, நடுவில் நான். தமிழ் தெரியாத பெடியன், படத்துக்குக் கீழே ஒரு சொல்லும் எழுதவில்லை. போனைத் திருப்பி என் சட்டைப்பையில் வைத்துப் போர்த்துவிட்டான்.

சற்று நேரத்தில் நெஞ்சில் போன் அதிரத் தொடங்கியது. நிற்கவேயில்லை. கை கட்டிக் கிடக்கிறது. வாய் திறந்தால் இழுக்கிற பிள்ளைகளின் பரீட்சை கெட்டுவிடும். சரிவு முழுக்க அதிர்ந்தபடியே இறங்கினேன்.

மதியம் அவிழ்த்ததும் வசந்திக்குப் போன் எடுத்தேன்.

"நீங்கள் செத்துப் போனீங்களாம்," என்றாள்.

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்தான். பஞ்சு, தாடைக்கட்டு, கால்கட்டு, ஒண்டும் குறையேல்லை. அது பயிற்சி எண்டு நான் சொன்னா, 'பாவம், அதிர்ச்சியிலை பிதற்றுது' எண்டு ஒருத்தரும் நம்பீனமில்லை. முன்வீட்டு அன்ரி சோறு கறியோட வந்து என்ரை தலையைத் தடவிக்கொண்டு இருக்கிறா. நீங்களே எடுத்துச் சொல்லுங்கோ!"

பாருங்கள் அநியாயத்தை. கட்டின பெண்சாதி சொல்கிறாள், நம்பவில்லை. ஒரு படம் சொன்னதாம், நம்பிவிட்டார்கள்!

சிட்னியில், லிட்கமில் இருக்கிற அக்காவுக்கு எடுத்தேன்.

"அக்கா, நான்தான்."

"ஐயோ! தம்பியின்ரை போனிலை இருந்து ஆரோ அவன்ரை குரலிலை கதைக்கினம்!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டா. பின்னால் கார் ஓடுகிற சத்தம் கேட்டது.

திரும்ப எடுக்கப் போனேன். ஜூடி வந்து நின்றார். "வீட்டில் ஏதும் பிரச்சினையா? போவதென்றால் போ. பரீட்சையை அடுத்த வருடம் செய்யலாம்."

"பிரச்சினை இல்லை," என்றேன். "நான் செத்துவிட்டேன் என்று அழுகிறார்கள்."

"அதைப் பிரச்சினை இல்லை என்றா சொல்கிறாய்?"

எனக்கு வந்த கோபத்தில் போனை நிறுத்திப் பைக்குள் போட்டேன். ஒரு வார்த்தை கேட்காமல் சாகடித்த சனத்துக்காக முருகனிடம் சொன்ன வாக்கை விடுவதா? இன்னும் கொஞ்ச நேரம் செத்தே இருக்கிறேன், என்ன குறைந்துவிடும்?

தேடுகிற கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அம்புக்குறி காட்டிய பக்கம் போனேன், சத்தம் கூடியது, மண்டியிட்டுக் கோலால் குத்தினேன். பனி. திரும்பக் குத்தினேன். பனி. என் மகளை இப்படித்தானே யாரோ தேடினார்கள் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. "முருகா" என்று குத்தினேன். கோல் எதிலோ தட்டியது. கிண்டி எடுத்தேன்.

ஜூடி மணிக்கூட்டைப் பார்த்தார். என் முதுகில் அறைந்தார். நான் தேறிவிட்டேன்.

இரவு வீட்டுக்கு வந்தால் வாசலில் அக்காவும் அத்தானும். பாதி வழியில் விஷயம் தெரிந்தும் திரும்பாமல் சிட்னியிலிருந்து முழுத்தூரமும் காரில் வந்திருந்தார்கள். அக்கா ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதா, பிறகு கன்னத்தில் ஒன்று விட்டா. அத்தான் ஒரு பெரிய மலர்வளையத்தைப் பிடித்தபடி நின்றார்.

"கண்டபடி படம் போடுவியோடா? இதை நான் இப்ப எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"நான் அழச் சொல்லியே நீங்கள் அழுதனீங்கள்?" என்று நானும் விடவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்கத் தொண்டு செய்து நேர்த்தியை முடித்தேன். அதை ஒருவரும் கேட்பதில்லை. கல்யாணமோ பிறந்தநாளோ, அத்தான் கதிரையை இழுத்துப் போட்டு எல்லாருக்கும் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: "இவன்ரை செத்தவீட்டுக்கு நான் போயிட்டு வந்திட்டன். இனி உண்மையாப் போகேக்கை என்னைக் கூப்பிடாதேங்கோ."

சபை முழுக்கச் சிரிக்கும். வசந்தியும் சேர்ந்து சிரிப்பாள்.

அத்தான் என்னைவிடப் பதினாலு வயது மூத்தவர். இரண்டு முறை நெஞ்சைத் திறந்து மூடியவர். அவர் என் செத்தவீட்டுக்கு வரமாட்டாராம்!