போட்டுக்குப் பவுடர்

நளீமுக்கு ஒரு நாளைக்குப் போனில் பதினொரு கோல் வரும். அதில் பத்து, மனைவி றம்லாவுடையது. பதினோராவது அவளுடைய தங்கச்சி பஸீனாவுடையது. அந்தப் பத்திலும் றம்லா சொல்ல மறந்ததைச் சொல்லத்தான் தங்கச்சி எடுப்பாள்.

தில்லையடியிலிருந்து லொறியை எடுத்துப் போய், எத்தாளையில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்புவது நளீமின் தொழில். அந்த வழியில், பள்ளிவாசல்துறையில், போட் வைத்து மீன் பிடிக்கிற லோறன்ஸ் இருக்கிறான். நளீம் வீட்டுக்கு மீன் அவனிடம்தான். அவன் வீட்டு விறாந்தையில் ஒரு கரம் போட் இருக்கிறது. நளீமுக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆசை, அந்தப் போட்டில் ஒரு மணித்தியாலம் நிம்மதியாக விளையாட வேண்டும் என்பதுதான். சிவப்புக் காயைக் குறி பார்த்து மூச்சைப் பிடிக்கும் நேரம் பார்த்துத்தான் போன் அடிக்கும். "வரக்குள்ள தேங்காய் ரெண்டு" என்பாள் றம்லா. குறி தவறும். காய் நிற்கும், அடித்த வட்டு குழிக்குள் போகும்.

இப்படி இருக்கும்போதுதான் கற்பிட்டி வீதியில் ஒரு கம்பம் நட்டார்கள். மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு அறிவிப்புப் போட். போகிற வாகனத்துக்குள் யாராவது போனில் பேசினால் பெட்டிக்கு எப்படியோ தெரிந்துவிடும். போட்டில் ஒரு போன் படம் சிவப்பாக எரியும். நட்ட முதல் நாளே நளீமுக்கு எரிந்தது. லைசன் போய்விட்டதென்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள், தன்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் பொலிஸ்காரர் ஒருவரைப் பிடித்து மெதுவாக விசாரித்தார்.

"அது சும்மா எச்சரிக்கைதான் நானா. போட்டோவும் எடுக்காது, வழக்கும் போடாது. எரிஞ்சு அணையும், அவ்வளவுதான்."

அன்றைக்கு நளீமின் மூளை வேலை செய்தது. அது எப்போதாவதுதான் வேலை செய்யும் என்பதால், செய்தபோது அவர் அதை முழுசாக நம்பிவிட்டார்.

"றம்லா, இனி நான் றோட்டில இரிக்கக்குள்ள எனக்குக் கோல் எடுக்காத."

"ஏன்?"

"ஒரு மெசின் பூட்டியிருக்கானுகள். கோல் எடுத்தா கோள் சொல்லும்."

"யாருக்கு?"

"பொலிசுக்கு. போட்டோ எடுத்து அனுப்பிரும். லைசன் போயிரும்."

"நீங்க ஆன்ஸர் பண்ணாட்டி?"

"பண்ணாட்டியும் தான். அடிக்கிறதே அதுக்குப் போதும்."

"அப்ப நீங்க போனை ஓஃப் பண்ணி வெச்சா?"

"ஓஃப் பண்ணினா, இவன் எதையோ ஒளிக்கிறான்ண்டு நினைக்கும்."

றம்லா கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

"சரி. லைசன் தானே முக்கியம். நான் எடுக்கல்ல."

நளீம் இன்னும் மூன்று பொய்களைத் தயாராக வைத்திருந்தார். அவற்றுக்குத் தேவையே வரவில்லை.

இரண்டு கிழமை போன் வாயே திறக்கவில்லை. நளீம் விளையாடினார், வென்றார், தோற்றார், பிளேன்டீ குடித்தார். திரும்பும்போது லோறன்ஸின் மனைவி யூஜினி லொறிக்குள் ஒரு பை வைப்பாள். "ஊட்டில குடுங்க நானா" என்பாள். ஒரு நாள் தேங்காய் ரெண்டு. ஒரு நாள் முருங்கைக்காய். வீட்டில் நெருப்புப்பெட்டி முடிந்த அன்றைக்கு நெருப்புப்பெட்டி. றம்லாவும் ஏது எவடம் என்று கேட்காமல் வாங்கி வைப்பாள். தன் வாழ்க்கையில் அல்லாஹ்வின் அருளாய்ப் பறக்கத் வந்துவிட்டது என்று நளீம் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு லோறன்ஸ் வீட்டில் எத்தாளை ஆட்களோடு கரம் இறுதிப் போட்டி. நளீமும் லோறன்ஸும் ஒரு சோடி. பகல் தொழுகை ளுஹரை முடித்துவிட்டு லொறிக் கதவைத் திறந்தால், பக்கத்து சீட்டில் றம்லா இருந்தாள். கறுப்பு அபாயா, மடியில் கைப்பை.

"எங்க போறாய்?"

"உங்களோட."

"எதுக்கு?"

"உங்கட லைசனுக்கு. பஸீனா விசாரிச்சுச் சொன்னா. ஓட்டுறவர்தான் பேசக்கூடாதாம், பக்கத்தில இரிக்கிறவ பேசலாமாம். போனைத் தாங்க."

"மூட்டை ஏத்துற எடம் புள்ள. தூசி உனக்கு ஒத்து வராது."

"ரெண்டு கிழமையா பகல்ல உங்கட குரலே கேக்கல்ல. நான் மனுசியா மரமா?"

நளீமுக்கு உண்மையாகவே வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் மணி ரெண்டரை. வேண்டாம் என்று சொல்வதென்றால் மெசின் கதை பொய் என்றும் சொல்ல வேண்டும். போனைக் கொடுத்தார்.

கம்பத்தை நெருங்கும்போது அது அடித்தது. றம்லா ஸ்பீக்கரில் போட்டாள். லோறன்ஸ்தான்.

"நானா, எங்க நிக்கிறீங்க? போட்டுக்குப் பவுடர் போட்டாச்சு. கெதியா வாங்க."

றோட்டோரப் போட்டில் போன் படம் பளிச்சென்று எரிந்தது.

"அவர் ஓட்டுறார் லோறன்ஸ் அண்ணே. வந்துட்டம்" என்று றம்லா வைத்துவிட்டாள். பிறகு நளீமின் பக்கம் திரும்பினாள்.

"என்ன போட்?"

"மீன் புடிக்கிற போட்."

"மீன் போட்டுக்குப் பவுடர் போடுறதா?"

"உப்புக் காத்துல பலகை வேர்க்கும்."

"எந்தப் பவுடர்?"

"சின்னப் புள்ளைகளுக்குப் போடுறதுதான்."

"அப்ப பொட்டும் வெச்சிருப்பாங்க."

நளீம் கியர் மாற்றினார். அந்த நேர் றோட்டில் கியர் மாற்ற ஒரு காரணமும் இல்லை.

"இஞ்ச பாருங்க" என்றாள் றம்லா. "லைசன் போற லைட் எரிஞ்சிச்சு. உங்கட மொகத்துல ஒரு கவலையும் தெரியல்லியே."

பயப்பட மறந்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இனிப் பயந்தும் வேலையில்லை. பள்ளிவாசல்துறை வந்துவிட்டது.

யூஜினி படலைக் கதவடியிலேயே நின்றாள். "வாங்க றம்லா. ரெண்டு கிழமையா போன்ல கதைக்கிறம், முகத்தை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

நளீம் லொறிக் கதவை மூடாமலே திரும்பினார். "போன்லயா?"

"உங்களுக்குத்தான் எடுக்க ஏலாதே" என்றாள் றம்லா. "முதல் நாளே இவவுக்கு எடுத்தன், மீன் குடுத்து விடச் சொல்ல. 'உங்கட மனுசன் இஞ்சதான் கரம் விளையாடுறார்'ண்டு இவதான் சொன்னா. புறகு ஒவ்வொரு நாளும் எடுத்தன். தேங்காய், முருங்கைக்காய், நெருப்புப்பெட்டி எல்லாம் நான் சொல்லித்தான் வந்திச்சு. நேத்து நீங்க எட்டுப் புள்ளியால தோத்ததும் தெரியும்."

இரண்டு கிழமை வந்த பறக்கத்தின் விலாசம் நளீமுக்கு விளங்கியது.

"இப்ப இஞ்ச வெச்சு சண்டை புடிக்கப் போறியா?"

"எதுக்கு? விளையாடுங்க. நான் சும்மா இரிந்து பாக்கிறன்."

யூஜினி ஒரு கதிரை கொண்டுவந்து, நளீமின் தோளுக்குப் பின்னால் சரியாக வைத்தாள். எத்தாளை ஆட்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காய் அடுக்கினார்கள். நளீம் குனிந்து குறி பார்த்தார்.

"அந்தக் கறுப்பு இல்ல. பக்கத்தில இரிக்கிற வெள்ளை."

"எனக்குத் தெரியும் புள்ள."

"தெரிஞ்சா அடிங்க. முழங்கையைத் தூக்காதீங்க."

வெள்ளையையே அடித்தார். அது நேராகப் போய் விழுந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்க முடியவில்லை. அடுத்ததும் விழுந்தது, அதற்கடுத்ததும் விழுந்தது, எல்லாம் அவள் சொன்ன காய்தான். கடைசியில் சிவப்புக் காய் குழி வாயில் வந்து நின்றது. எத்தாளை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நளீம் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை மடக்கினார்.

"போகக்குள்ள தேங்காய் ரெண்டு" என்றது பின்னால் இருந்த கதிரை.

முந்தியென்றால், கோலை வெட்டிவிட போனில் ஒரு சிவப்புப் பட்டனாவது இருந்தது.